மூணரைச் சுற்று

தோடு இருக்கிறது, திருகாணியைத்தான் காணோம் என்றாள் போனில்.
அரை கிராம்கூட வராது.
பஸ் காசு, என் கூலி, ஒரு நாள் பொழுது,
கூட்டினால் புதிதாகவே ஒன்று செய்துவிடலாம்.
சொல்லியும் பார்த்தேன்.
"இரவல் தோடுண்ணே" என்றாள்.
அதற்குமேல் கணக்கு ஓடவில்லை.

நேமத்தான்பட்டியில் இறங்கி
மிஷினைப் பூட்டுவதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள்.
ரங்கூன் பணம் எங்கே புதைந்திருக்கிறதென்று காட்டுமா?
காட்டாது.
சுவருக்குள்ளே?
காட்டாது.
புதையல் தேடி வந்தவர்கள்தான்
திருமயம் லாட்ஜில் வாடகை பாக்கிக்கு
இதை விட்டுவிட்டு ஓடினார்கள்.
மூவாயிரத்துக்கு நான் எடுத்தேன்.

இந்த மண் பொல்லாதது.
செம்பாறை, பாதி இரும்பு.
ஒன்றுமே இல்லாத இடத்திலும் முனகும்.
முனகுவது எது, கூப்பிடுவது எது என்று
காது பழக எனக்கு இரண்டு கோடை ஆயிற்று.

செம்பாயி முன்னால் நடந்தாள்.
காதுத் துளையில் விளக்குமாற்று ஈர்க்கு.
நேற்றுத் தம்பி மகனுக்குக் காதுகுத்து.
அத்தைக்காரி மூளிக் காதோடு போய் நிற்க முடியுமா?
அவளுடையது கூட்டுறவு பேங்கில்,
வட்டி கட்டிக் கட்டி அங்கேயே கிடக்கிறது.
உமையாள் வீட்டில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.
பந்தி முடிந்ததும் அப்படியே
அண்டா தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தக் காது?"
"வலது."
"எத்தனை சுற்று?"
கண்ணை மூடினாள்.
காதுமடலுக்குப் பின்னால் வெறும் காற்றை
இரண்டு விரலால் திருகிப் பார்த்தாள்.
"மூணரை. கடைசி அரை கொஞ்சம் இறுகும்."
ஒரே ஒரு நாள் போட்ட தோடு.

கருவேல முள்ளுக்கு நடுவே தொடங்கினேன்.
சோடா மூடி.
சோடா மூடி.
ஜாக்கெட் கொக்கி, ரம்பத்துண்டு,
நடுவில் ஓட்டை விழுந்த காலணா ஒன்று.
அதைப் பார்த்ததும் பையன்களுக்கு நம்பிக்கை வந்து
ஆளுக்கொரு குச்சியோடு குழி பறித்தார்கள்.
மறுபடியும் சோடா மூடி.

மூன்று மணி வாக்கில்
கிணற்றடிப் பக்கம் மெல்லிசாய் ஒரு குரல்.
உள்ளங்கை ஆழத்தில் ஒரு மண்ணுருண்டை.
துடைத்தால் மஞ்சள்.
செம்பாயி பிடுங்காத குறையாக வாங்கித் திருகினாள்.
ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது.

மறுபடி திருகினாள். ஒன்றரைதான்.
தோட்டைப் பிடித்து உதறிப் பார்த்தாள். விழவில்லை.
"இதே போதும்ணே, நிக்குதுல்ல?"
"அவுங்க திருகிப் பாப்பாங்களா?"
கொஞ்ச நேரம் கிணற்றையே பார்த்தாள்.
"பாப்பாங்க."

யாருடையதோ அது.
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

வெயில் தாழ்ந்தது, பையன்கள் போய்விட்டார்கள்,
பேட்டரி ஒரு கோட்டுக்கு இறங்கியிருந்தது.
சாம்பல் மேட்டை மூன்றாம் தடவையாகத் தடவி
எடுக்கப்போன வட்டை
பக்கத்தில் கிடந்த தேங்காய் நாரின்மேல் போனது.
கூப்பிட்டது.
புளியும் சாம்பலுமாய்க் காய்ந்துபோன நார்.
இழை இழையாகப் பிரித்தோம்.
உள்ளே, சிக்கெடுக்காத முடியில் பேன் மாதிரி,
ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஒன்பது அண்டாவையும்
தங்கம் வைத்துத் தேய்த்திருக்கிறாள்.

அவள் சிரிக்கவில்லை.
உதடு அசைய எண்ணித் திருகினாள்.
ஒன்று, இரண்டு, மூன்று,
அரை.
காதில் போடவில்லை.
மொய் எழுதிய நோட்டில் ஒரு தாள் கிழித்து மடித்து
இடுப்பில் செருகி
மேலத் தெருவுக்கு ஓட்டமும் நடையுமாய்ப் போனாள்.
கூலி திங்கட்கிழமைக்கு என்று
திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

மற்றது என்னிடம் இருக்கிறது, ஒரு தீப்பெட்டிக்குள்.
பஸ்ஸுக்கு நின்றபோது விசாரித்தேன்.
பூக்காரி தன்னுடையது என்றாள்,
டீக்கடைக்காரர் தன் மாமியாருடையது என்றார்,
எல்லாரும் சிரித்தார்கள்.

கேட்டு வந்தால் கொடுத்துவிடுவேன்.
எத்தனை சுற்று என்று மட்டும் சொல்ல வேண்டும்.
சரியான விடை எனக்கும் தெரியாது.
காற்றைத் திருகும் விரலைப் பார்த்தால்
தெரிந்துவிடும்.